மண்ணைத் தோண்டாமல் ஒரு ரோமானிய வில்லாவைத் தேடிய இரண்டு ஆண்டுகள்

நாங்கள் எடுத்த முதல் வரைபடத்தில் வீட்டைக் காணவில்லை. இரண்டு வார இறுதிகளில் நான்கு நாட்கள், காலை எட்டு மணியிலிருந்து வெளிச்சம் மங்கும்வரை, மண்ணின் நுண்ணிய காந்த மாற்றங்களை அளக்கும் காந்தமானியைச் சுமந்துகொண்டு அந்த வயலை மேலும் கீழுமாக நடந்து அளந்திருந்தோம். கடைசி நாள் இரவு கணினித் திரையில் விரிந்த சாம்பல் நிறப் படத்தில் பள்ளங்கள் தெரிந்தன, பழைய எல்லைக் கோடுகள் தெரிந்தன, ஓரிடத்தில் கறுப்பும் வெள்ளையுமாகப் பெருங்கலங்கல் ஒன்று தெரிந்தது. சுவர் என்று சொல்லத்தக்க நேர்கோடு ஒன்றுகூட இல்லை. அந்த வயலுக்கு அடியில் ரோமானியர் காலத்து வில்லா ஒன்று கிடக்கிறது என்பதில் எங்களுக்கு ஐயமே இருக்கவில்லை என்பதால், அன்றிரவு ஏற்பட்ட ஏமாற்றம் பெரிதாக இருந்தது. அடுத்த பதினெட்டு மாதங்களில் அந்த வீட்டின் அறைகளை எண்ணிச் சொல்லும் நிலைக்கு வந்தோம். மண்ணைக் கிளறாமல் அது எப்படி முடிந்தது, எங்கெல்லாம் தவறினோம் என்பதை, இந்த வேலையில் புதிதாக இறங்குகிறவர்களுக்குப் பயன்படும் என்று நம்பி எழுதுகிறேன்.

தென் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில் குடியேறிய பிறகு, உள்ளூர்த் தொல்லியல் ஆர்வலர் குழு ஒன்றில் சேர்ந்தேன். ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர் எங்களுக்கு வழிகாட்டினார். மற்றவர்கள் எல்லோரும் என்னைப் போலவே வேறு வேலை பார்த்துக்கொண்டு, விடுமுறை நாட்களை இதற்கென்று ஒதுக்கியவர்கள். கருவிகளில் ஒன்று குழுவுக்குச் சொந்தம், மற்றவை வாடகைக்கு எடுத்தவை.

வில்லா என்றதும் இன்றைய வீட்டுமனை விளம்பரங்கள் நினைவுக்கு வரலாம். கி.பி. 43 முதல் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை ரோமானியர் ஆட்சியில் இருந்த பிரிட்டனில், வில்லா என்பது நிலபுலன்களோடு கூடிய பண்ணை வீடு. சிலவற்றில் ஒரே வரிசையில் நான்கைந்து அறைகளும் முன்னால் ஒரு தாழ்வாரமும் மட்டுமே இருக்கும். வசதி பெருகிய குடும்பங்கள் இருபுறமும் சிறகுகளைப் போல அறைகளைச் சேர்த்துக் கட்டின. இன்னும் பெரியவற்றில் நடு முற்றமும் குளியல் கூடமும் தானியக் கொட்டகைகளும் உண்டு. எங்கள் வயலில் இருந்தது எந்த வகை என்பதைத்தான் அறிய விரும்பினோம்.

எங்களை அங்கே அழைத்துச் சென்றது ஒரு பிஸ்கட் டப்பா. நிலத்துக்குச் சொந்தக்காரரான விவசாயி, தன் தந்தையின் காலம் தொட்டு உழவில் மேலே வந்த பொருட்களை அதில் சேர்த்து வைத்திருந்தார். இரண்டரை சென்டிமீட்டர் அளவில் வெட்டிய சிவப்பு ஓட்டுக் கட்டிகள் ஏராளமாக இருந்தன. தாழ்வாரங்களில் முரட்டு மொசைக் தளம் பதிப்பதற்கான கட்டிகள் அவை. அவற்றின் இடையே உள்ளங்கை அகலத்தில் ஓர் ஓட்டுத் துண்டு கிடந்தது. அதன் ஒரு பக்கம் சீப்பால் இழுத்தது போல அலையலையான கோடுகள் இருந்தன, மறுபக்கம் புகைக்கரி படிந்து கறுத்திருந்தது. மேலே பூசும் சாந்து பிடிக்க வேண்டும் என்று, களிமண் ஈரமாக இருக்கும்போதே கீறிய கோடுகள் அவை. சுவருக்குள் வெந்காற்று மேலேறுவதற்காகப் பதிக்கும் குழல் ஓட்டின் துண்டு அது. அதைக் கையில் வாங்கிய கணத்தில், அந்த வீட்டில் தரைக்கு அடியில் தீமூட்டிச் சூடேற்றிய அறை ஒன்றாவது இருந்திருக்க வேண்டும் என்பது உறுதியாயிற்று.

கருவியை எடுப்பதற்கு முன் மேசையில் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. அதைச் சுருக்கியவர்கள் பின்னால் வருந்துவதை நான் பார்த்திருக்கிறேன். இங்கிலாந்தில் ஒவ்வொரு வட்டாரத்திலும் வரலாற்றுச் சூழல் பதிவேடு ஒன்றைப் பராமரிக்கிறார்கள். அதில் எங்கள் வயலைத் தேடியபோது, 2018 கோடை வறட்சியில் எடுத்த வான்வழிப் படம் கிடைத்தது. பயிர் வாடிய அந்த ஆண்டில், மண் ஆழமாக நிரம்பிய பழைய பள்ளங்களின் மேல் நின்ற பயிர் மட்டும் பசுமை மாறாமல் இருந்ததால், வயலின் தென்பாதியில் செவ்வகக் கோடு ஒன்று படத்தில் தெரிந்தது. அந்த இடம் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னப் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் பார்த்தாக வேண்டும். பட்டியலில் இருந்தால், 1979ஆம் ஆண்டுத் தொல்சின்னங்கள் சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பிடம் உரிமம் பெறாமல் இத்தகைய கருவிகளைப் பயன்படுத்துவது குற்றம். எங்கள் வயல் பட்டியலில் இல்லை என்பதால் விவசாயியின் எழுத்துப்பூர்வமான அனுமதி போதுமானதாக இருந்தது. அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடையே அவர் நிலத்தை எப்போது விட்டுத்தர முடியும் என்பதை முன்கூட்டியே பேசி, நாட்களைக் குறித்துக்கொண்டோம். ஊரின் பெயரை இங்கே எழுதாததற்குக் காரணம் உண்டு. இரவில் களவாக உலோகத் தேடு கருவிகளோடு வந்து, கிடைத்ததைப் பெயர்த்துக்கொண்டு போகிறவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். மண்ணிலிருந்து பிடுங்கிய காசு எந்த அறையில், எந்த அடுக்கில் கிடந்தது என்ற செய்தி அத்துடன் அழிந்துவிடுகிறது.

முதலில் காந்தமானியைத் தேர்ந்தெடுத்தோம். பரப்பை விரைவாக அளக்கக்கூடியது அதுதான், பழகிய இருவர் ஒரு நாளில் ஒரு ஹெக்டேருக்கு மேல் முடித்துவிடலாம். தொல்லியலில் அதன் பயன்பாடும் ரோமானியர் கால எச்சம் ஒன்றில்தான் தொடங்கியது. 1958இல் பீட்டர்பரோவுக்கு அருகில் வாட்டர் நியூட்டன் என்ற இடத்தில், இயற்பியலாளர் மார்ட்டின் ஐட்கன் புரோட்டான் காந்தமானியைக் கொண்டு ரோமானியர் காலப் பானைச் சூளைகளைக் கண்டறிந்தார். சூளை மண் அறுநூறு, எழுநூறு டிகிரிவரை சூடேறி ஆறும்போது, அந்நேரத்துப் புவிக்காந்தத்தின் திசையைத் தனக்குள் பதித்து வைத்துக்கொள்கிறது. காந்தமானியில் தெரிவது சூளை மட்டுமல்ல. தீ மூட்டிய இடங்களிலும் குப்பை மக்கிய இடங்களிலும் மண்ணிலுள்ள இரும்பு ஆக்சைடுகள் கூடுதல் காந்தத்தன்மை கொண்டவையாக மாறுகின்றன. அப்படி மாறிய மேல்மண் ஒரு பள்ளத்தில் நிரம்பிவிட்டால், சுற்றிலுமுள்ள அடிமண்ணிலிருந்து அந்தப் பள்ளம் வேறுபட்டுத் தெரியும். தென் இங்கிலாந்தில் புவிக்காந்தப் புலம் ஏறத்தாழ 49,000 நானோடெஸ்லா. நாங்கள் தேடிய பள்ளமோ அதில் ஐந்தாறு நானோடெஸ்லா மாற்றத்தைத்தான் உண்டாக்கும்.

அவ்வளவு நுண்ணிய மாற்றத்தைத் தேடுகிறோம் என்பதை மனத்தில் நிறுத்தினால், உடலில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்று ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறார்கள் என்பது விளங்கும். கைப்பேசி, சாவி, இடைவாரின் கொக்கி ஆகியவற்றை எல்லோரும் நினைவாகக் கழற்றிவிடுவார்கள். ஜிப், உள்ளாடைக் கம்பி, கண்ணாடிச் சட்டகம், தலைமுடிக் கொண்டை ஊசி போன்றவைதாம் மறந்துபோகும். முதல் நாள் நான் அணிந்திருந்த காலணியில், கயிறு நுழையும் துளைகளில் சிறு இரும்பு வளையங்கள் இருந்தன. ஓர் அடி எடுத்து வைக்கும் ஒவ்வொரு முறையும் கால் உணர்கருவிக்கு அருகில் வந்து போனதால், நான் அளந்த ஆறு கட்டங்களில் மட்டும் மெல்லிய வரிகள் விழுந்தன. அந்த ஆறு கட்டங்களையும் மறுநாள் ரப்பர் பூட்ஸ் அணிந்து மீண்டும் அளந்தேன். அன்றிலிருந்து, கருவியை எடுப்பவர் அசையாமல் நிற்கும் கருவியைச் சுற்றி ஒருமுறை நடந்து, திரையில் எண் மாறுகிறதா என்று மற்றவர் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டோம்.

எங்களிடம் இருந்தது பார்ட்டிங்டன் நிறுவனத்தின் இரட்டைக் குழல் கொண்ட கிரேடியோமீட்டர் வகைக் காந்தமானி. ஒவ்வொரு குழலிலும் ஒரு மீட்டர் இடைவெளியில் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு உணர்கருவிகள் இருக்கும். இரண்டும் வானத்தில் நிகழும் காந்த மாற்றங்களை ஒரே அளவில் உணர்கின்றன, மண்ணுக்கு அருகிலுள்ள கீழ் உணர்கருவி மட்டும் மண்ணின் மாற்றத்தைக் கூடுதலாக உணர்கிறது. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் மண் சொல்வது மட்டும் எஞ்சுகிறது. ஆனால் காலைக் குளிரில் பெட்டியிலிருந்து எடுத்ததும் கருவி நிலைகொள்ளாது. குறைந்தது இருபது நிமிடம் வெளியே வைத்துவிட்டு, காந்தக் கலக்கம் இல்லாத ஓரிடத்தைத் தேர்ந்து நான்கு திசைகளுக்கும் திருப்பிச் சமன்செய்ய வேண்டும். வெயில் ஏற ஏற அந்தச் சமநிலை நகரும் என்பதால், அதே இடத்துக்கு நாளில் நான்கைந்து முறை திரும்பிவந்து சரிபார்த்தோம். அந்த இடத்தில் ஒரு மூங்கில் குச்சியை நட்டு வைத்திருந்தோம், இரண்டு ஆண்டுகளும் அதே புள்ளிதான்.

கட்டம் அமைப்பதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வயலை 20 மீட்டருக்கு 20 மீட்டர் சதுரங்களாகப் பிரிக்கிறோம், ஒரு ஹெக்டேருக்கு இருபத்தைந்து சதுரங்கள். எல்லா அளவுகளும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க, ஒவ்வொரு சதுரத்தின் மூலைவிட்டத்தையும் நாடாவால் அளப்போம். அது 28.28 மீட்டர் வர வேண்டும். பத்து சென்டிமீட்டர் பிசகினால் எங்கள் வழிகாட்டி முளைகளைப் பிடுங்கி மறுபடி நடச் சொல்வார். முளைகள் மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆனவை. செயற்கைக்கோள் வழி அளவைக் கருவி கையில் இருந்தால் இந்த வேலை விரைவில் முடியும், நாங்களும் மூலைகளை அதைக் கொண்டே தேசிய வரைபட ஆயங்களோடு இணைத்தோம். ஆயினும் நாடாவால் ஒருமுறை சரிபார்ப்பதை விட்டுவிடவில்லை, ஏனென்றால் அடுத்த பருவத்தில் வேறு கருவியோடு அதே இடத்துக்கு வரும்போது, இரண்டு படங்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது இந்தச் சதுரங்களின் நேர்மையைப் பொறுத்ததுதான்.

நடையும் ஒரு பயிற்சி. மீட்டருக்கு ஒரு முறை கருவி ஒலி எழுப்பும். கயிற்றில் மீட்டருக்கு ஒன்றாகக் குறித்திருக்கும் அடையாளத்தை அந்த ஒலியோடு சேர்ந்து கடக்க வேண்டும். மேட்டில் ஏறும்போது சற்றுத் தாமதித்து, இறங்கும்போது சற்று முந்தினால், போன வரிசையும் வந்த வரிசையும் ஒன்றுக்கொன்று விலகி, நேரான பள்ளம்கூடப் படத்தில் மீன்முள் போலப் பல்பல்லாகத் தெரியும். மென்பொருளில் ஓரளவு சரிசெய்யலாம், ஆனால் முதல் இரண்டு நாட்களின் நடையையும் நான்காம் நாளின் நடையையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, கால் பழகிய பின் கிடைத்த தெளிவை எந்த மென்பொருளும் தரவில்லை என்பதைக் கண்டேன்.

இத்தனை கவனத்துக்குப் பிறகும் சுவர்கள் ஏன் தெரியவில்லை? எங்கள் வயலின் அடிப்பாறை, சாக்பீஸ் போல வெள்ளையாக உதிரும் சுண்ணக் கல். அந்த வட்டாரத்தில் ரோமானியர் காலச் சுவர்களைச் சக்கிமுக்கிக் கற்களாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் கட்டினார்கள். சக்கிமுக்கிக் கல்லுக்கும் சுண்ணக் கல்லுக்கும் காந்தத்தன்மை அநேகமாக இல்லை. இரண்டும் காந்தமானிக்கு ஒன்றே. சுற்றியுள்ள மண் வளமான காந்தத்தன்மை கொண்டிருந்தால், அதன் நடுவே சுவர் வெளிறிய கோடாகத் தெரிவதுண்டு. எங்கள் இடத்திலோ உழவு இழுத்துப் பரப்பியிருந்த ஓட்டுத் துண்டுகளின் வலுவான காந்தத்தன்மை அந்த வெளிறலை மூடிவிட்டது. படத்தில் நாங்கள் பெருங்கலங்கல் என்று ஒதுக்கிய இடமே வீடு இருந்த இடம். சுட்ட ஓடுகள் ஒவ்வொன்றும் சூளையில் ஒரு திசையில் காந்தமேறி, இடிபாட்டில் கண்டபடி புரண்டு கிடப்பதால்தான் அப்படிக் கறுப்பும் வெள்ளையுமாகச் சிதறித் தெரிகிறது. சுவரைக் காணவில்லை என்று நாங்கள் சோர்ந்திருந்தபோது, எங்கள் வழிகாட்டி அந்தக் கலங்கலின் ஓரங்களைப் பென்சிலால் வரைந்து காட்டினார். ஏறத்தாழ 40 மீட்டர் நீளத்தில், மூன்று பக்க ஓரங்கள் நேராக இருந்தன.

அந்தப் படத்தில் இன்னொரு பெரிய தவறும் இருந்தது. அது முழுக்க நான் செய்தது. நடை வரிசைகளுக்கு இடையே தெரியும் பட்டைகளை நீக்குவதற்கு, ஒவ்வொரு வரிசையின் சராசரியையும் பூஜ்யமாக்கும் வசதி எல்லா மென்பொருளிலும் உண்டு. ஒரு சொடுக்கில் படம் சுத்தமாகிவிடும் என்பதால் முதல் வேலையாக அதைச் செய்தேன். வான்வழிப் படத்தில் தெரிந்த செவ்வகத்தின் மூன்று பக்கங்கள் எங்கள் படத்தில் வந்தன, நான்காவது பக்கம் வரவில்லை. உழவில் அழிந்திருக்கும் என்று எழுதியும் வைத்தேன். பல வாரங்கள் கழித்துத் திருத்தாத மூலத் தரவைத் திறந்தபோது நான்காவது பக்கம் அங்கே அழகாகக் கிடந்தது. அந்தப் பள்ளம் நாங்கள் நடந்த திசைக்கு இணையாக ஓடியதால், ஒரு வரிசையின் பெரும்பகுதி பள்ளத்தின் மேலேயே அமைந்துவிட்டது. அதன் உயர்ந்த அளவைக் கருவியின் பிசகு என்று எடுத்துக்கொண்டு மென்பொருள் சமப்படுத்திவிட்டது. ஆகையால் எந்தத் திருத்தத்துக்கும் முன் மூலத் தரவை இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். வான்வழிப் படத்திலிருந்து சுவர்கள் எந்தத் திசையில் ஓடும் என்று ஊகிக்க முடிந்தால், நடை வரிசைகள் அவற்றுக்குச் சாய்வாக அமையும்படி கட்டத்தைத் திருப்பிப் போடுங்கள். எங்கள் கட்டத்தை நாங்கள் வேலியோரத்துக்கு இணையாகப் போட்டது, பார்வைக்கு ஒழுங்காக இருக்கிறது என்பதற்காக மட்டுமே.

சுவரைக் காண மின்தடைதான் வழி என்று முடிவாயிற்று. மண்ணுக்குள் சிறு மின்னோட்டத்தைச் செலுத்தினால், ஈரமான இடம் அதை எளிதில் கடத்தும். கல்லும் சாந்தும் இறுகிய சுவர் தடுக்கும். 1946இல் ஆக்ஸ்ஃபோர்டுஷயரிலுள்ள டார்செஸ்டரில் தொல்லியலாளர் ரிச்சர்டு அட்கின்சன் செய்துகாட்டியது இதைத்தான், இந்த நாட்டுத் தொல்லியலில் காந்தமானியை விடவும் மூத்த முறை இது. கை வண்டியின் சட்டம் போன்ற ஒன்றில் அரை மீட்டர் இடைவெளியில் இரண்டு எஃகு முனைகள் இருக்கும். அதை நட்டு, எண்ணைப் பதிந்து, பிடுங்கி, அடுத்த புள்ளியில் நட வேண்டும். இன்னொரு ஜோடி முனைகள் தொலைவில் ஓரிடத்தில் நிலையாக நிற்கும், நீண்ட கம்பிவடம் இரண்டையும் இணைக்கும். நிலையான ஜோடி நாம் அளக்கும் எந்தப் புள்ளியிலிருந்தும் குறைந்தது 15 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், அதாவது சட்டத்து முனைகளின் இடைவெளியைப் போல முப்பது மடங்கு. அதற்குக் குறைந்தால் நாம் நகர்வதாலேயே எண் மாறும்.

ஜூலை இறுதியில், அறுவடை முடிந்த கையோடு இறங்கினோம். ஆறு வாரங்களாக மழை இல்லை. முனைகள் மண்ணில் இறங்க மறுத்தன, ஏறி மிதித்தாலும் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் போகவில்லை. ஒரே புள்ளியில் மூன்று முறை நட்டால் மூன்று எண்கள் வந்தன. மேல்மண் முழுவதும் காய்ந்து தானே பெருந்தடையாகிவிட்டதால், அடியில் சுவர் இருக்கும் இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் பெரிய வேறுபாடு எஞ்சவில்லை. இரண்டு நாட்கள் பாடுபட்டு எட்டுச் சதுரங்களை முடித்தோம், படத்தில் உப்பும் மிளகும் தூவியது போலப் புள்ளிகள்தாம் இருந்தன. அடுத்த முறை வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்பே, முந்தைய நான்கு வாரங்களின் மழை அளவைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதை அன்று கற்றேன். அடைமழைக்கு மறுநாள் போவதும் இதே அளவு வீண். எல்லாமே நனைந்து ஊறியிருக்கும்போதும் வேறுபாடு மறைந்துவிடும்.

அக்டோபர் பிற்பகுதியில் விவசாயி விதைப்பைப் பத்து நாள் தள்ளிவைத்து எங்களுக்கு இடம் தந்தார். மேல்மண் நனைந்திருந்தது, கோடையின் வறட்சி அடியில் இன்னும் முழுவதும் தீரவில்லை. முனைகள் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கின. சுவர்களின் கனம் அறுபது சென்டிமீட்டர் அளவே இருக்கும் என்பதால், மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற வழக்கத்தை விட்டு, அரை மீட்டருக்கு ஒரு புள்ளி அளந்தோம். இதனால் ஒரு சதுரத்துக்கு 400 அளவுகளுக்குப் பதிலாக 1,600 அளவுகள் எடுக்க வேண்டியிருந்தது, வேலை நான்கு மடங்கானது. அந்த உழைப்பைச் சுருக்க வழி தேட வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். வீடு கிடக்கும் ஒரு பகுதியை மட்டும் நெருக்கமாக அளந்தால் போதும், அந்தப் பகுதி எது என்பதைக் காந்தமானிப் படம் முன்பே காட்டியிருந்தது.

இரண்டாம் நாள் முற்பகல். பதிவு செய்பவர் எண்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார். நாற்பத்திரண்டு, நாற்பத்தொன்று, நாற்பத்து மூன்று என்று ஓம் கணக்கு ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று ஐம்பத்தெட்டு, அடுத்து அறுபத்தாறு, பிறகு ஐம்பத்தைந்து, மறுபடி நாற்பது. அடுத்த வரிசையிலும் அதே இடத்தில் ஏற்றம், அதற்கடுத்த வரிசையிலும் அப்படியே. நாங்கள் வேலையை நிறுத்தி, ஏற்றம் வந்த புள்ளிகளில் மூங்கில் குச்சிகளை நட்டோம். பதினோரு குச்சிகள் நேர்கோட்டில் நின்றன. அதற்கு இணையாக மூன்று மீட்டர் தள்ளி இன்னொரு கோடு எழுந்தது. வீட்டின் முன் தாழ்வாரத்துக்கு இருபுறமும் நின்ற சுவர்களின் நடுவில் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் யாரோ கூரை நிழலில் நடந்த இடத்தில், தலைக்கு மேல் வெறும் வானத்தோடு நின்ற அந்த நேரத்தை நான் மறக்க மாட்டேன்.

கம்பிவடம் எட்டாத தொலைவுக்குப் போனதும் நிலையான ஜோடியை இடம் மாற்ற வேண்டும். மாற்றியதும், ஏற்கெனவே அளந்த ஒரு புள்ளியில் சட்டத்தை வைத்து, பழைய எண்ணே வரும்வரை அந்த ஜோடியின் இடைவெளியைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்ய வேண்டும். இதை ஒருமுறை அவசரத்தில் விட்டுவிட்டோம். இரண்டு சதுரங்களின் ஓரத்தில் இல்லாத சுவர் ஒன்று படத்தில் முளைத்துவிட்டது. சதுரத்தின் எல்லையோடு அச்சாகப் பொருந்தும் எந்தக் கோட்டையும் முதலில் சந்தேகியுங்கள்.

முழுப் படம் வந்தபோது வடக்கு வரிசையில் ஐந்து அறைகளும், முன்னால் தாழ்வாரமும், மேற்குச் சிறகில் மூன்று அறைகளும் கிடைத்தன. கிழக்குச் சிறகு இருக்க வேண்டிய இடத்தில் உயர்தடைக் கோடு எதுவும் இல்லை. அங்கே கட்டவே இல்லை என்று சிலர் கருதினார்கள். தாழ்ந்த தடையைக் காட்டும் வண்ணங்களை மட்டும் விரித்துப் பார்த்தபோது, மேற்குச் சிறகின் கண்ணாடிப் பிம்பம் போல அதே அளவில் அறைகள் தெரிந்தன, ஆனால் கோடுகள் கறுப்புக்குப் பதில் வெள்ளையாக இருந்தன. பிற்காலத்தில் தேவாலயத்துக்கோ பண்ணைச் சுவருக்கோ கல் வேண்டியவர்கள், இந்தச் சுவர்களை அடித்தளம்வரை பெயர்த்து எடுத்துவிட்டு, கிடங்கை மண்ணால் மூடியிருக்கிறார்கள். இளகிய மண் ஈரத்தைப் பிடித்துவைப்பதால் அந்தக் கிடங்கு தடை குறைந்த கோடாகத் தெரிகிறது. சுவரே இல்லாவிட்டாலும் சுவர் இருந்த இடம் பதிந்திருக்கிறது. கட்டடம் என்றால் உயர்தடை என்ற பாடத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போகிறவர் பாதி வீட்டை இழந்துவிடுவார்.

அடுத்த வசந்த காலத்தில், வாடகைக்கு எடுத்த தரை ஊடுருவும் ரேடாரோடு ஒரே ஒரு நாள் வேலை செய்தோம். காந்தமானியும் மின்தடையும் தளப்படத்தைத் தரும், ஆழத்தைச் சொல்லாது. ரேடார், அலை போய்த் திரும்பும் நேரத்தைக் கொண்டு ஆழத்தையும் சொல்கிறது. எங்கள் மண்ணில் அலையின் வேகம் நானோ நொடிக்குச் சுமார் எட்டு சென்டிமீட்டர் என்று கணக்கிட்டோம். 400 மெகாஹெர்ட்ஸ் ஆண்டெனாவை மேற்குச் சிறகின் மேல் அரை மீட்டருக்கு ஒரு கோடாகவும், ஓர் அறையின் மேல் மட்டும் கால் மீட்டருக்கு ஒரு கோடாகவும் இழுத்தோம். பிஸ்கட் டப்பாவின் ஓட்டுத் துண்டு எந்த அறையைச் சேர்ந்தது என்று நான் ஓராண்டாக யோசித்துக்கொண்டிருந்தேன். காந்தமானிப் படத்தில் கலங்கல் மிக வலுவாக இருந்த இடமும் அந்த அறையும் ஒன்றாக இருந்ததால்தான் அதை நெருக்கமாக அளக்கச் சொன்னேன். எழுபது சென்டிமீட்டருக்கு அடுத்த ஆழத்தில், சுவர்களுக்கு இடையே வரிசை வரிசையாகச் சிறு புள்ளிகள் எழுந்தன. தரையைத் தாங்கி நிற்கும் குட்டையான ஓட்டுத் தூண்களாக அவை இருக்கலாம், அவற்றின் நடுவே வெந்காற்று ஓடும் அந்தத் தரையடி அமைப்புதான் ஹைப்போகாஸ்ட். இருக்கலாம் என்றே அறிக்கையிலும் எழுதினோம். களிமண் மிகுந்த நிலத்தில் ரேடார் அலை உள்ளே போகாமலே தேய்ந்துவிடும் என்பதால், எங்களுக்குக் கிடைத்த இந்தப் பயன் எல்லா வயலிலும் கிடைக்கும் என்று நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம்.

பொருள் கொள்வதில் நாங்கள் செய்த பிழைகளையும் மறைக்கக் கூடாது. வீட்டுக்குத் தெற்கே, ஆறு மீட்டர் விட்டத்தில் வலுவான வட்டம் ஒன்று காந்தமானிப் படத்தில் இருந்தது. கிணறு என்று முதல் அறிக்கையில் எழுதிவிட்டோம். விவசாயியின் அனுமதியோடு கைத்துளைக் கருவியால் ஒரே ஒரு துளை போட்டபோது, ஒன்றரை மீட்டர் ஆழம்வரை சக்கிமுக்கிக் கற்கள் கலந்த செம்பழுப்புக் களிமண் மட்டுமே வந்தது. கரித்துண்டோ பானையோடோ எதுவும் இல்லை. சுண்ணக் கல் நீரில் கரைந்து உண்டான இயற்கைக் குழியில் களிமண் நிரம்பியிருக்கிறது, மனிதர் அதைத் தொடவே இல்லை. வயலின் குறுக்கே ஏழெட்டு மீட்டருக்கு ஒன்றாகச் சென்ற இணைகோடுகளை ரோமானியர் காலப் பாத்திகள் என்று நான் நினைத்தேன். அவை இடைக்கால உழவின் மேடுபள்ளங்கள், வில்லா இடிந்து பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு அதன் மேலேயே உழுதவர்கள் விட்டுச்சென்றவை. வில்லாவின் கோடுகளை அவை வெட்டிக்கொண்டு போனதைக் கவனித்திருந்தால் அந்தப் பிழை நேர்ந்திருக்காது. எது எதை வெட்டுகிறது என்று பார்ப்பதுதான் தளப்படத்தில் காலத்தை வரிசைப்படுத்துவதற்குக் கிடைக்கும் ஒரே பிடி. அதைக் கொண்டுதான், வீட்டின் மேற்குச் சிறகுக்கு அடியில் போகும் வளைந்த பள்ளம் அந்தச் சிறகுக்கு மூத்தது என்றும், ரோமானியர் வருவதற்கு முந்தைய வட்டக் குடிசை ஒன்றைச் சுற்றியதாக இருக்கக்கூடும் என்றும் சொல்ல முடிந்தது.

இவ்வளவு பாடுபடுவதற்குப் பதிலாக ஒரு கிடங்கு வெட்டிப் பார்த்துவிடலாமே என்று நண்பர்கள் கேட்பதுண்டு. 2020இல் ரட்லாண்டு பகுதியில், ஒரு விவசாயக் குடும்பத்தார் வயலில் கண்டெடுத்த மொசைக்கை நினைத்துப் பார்க்கலாம். ட்ரோயா போரில் அக்கிலீஸும் ஹெக்டரும் மோதும் காட்சி, 11 மீட்டருக்கு ஏறத்தாழ 7 மீட்டர் பரப்பில் பதிக்கப்பட்டிருந்தது. உலகமே அந்த மொசைக்கைப் பார்த்தது. அதைச் சுற்றிலும் கொட்டகைகளும் வட்டக் கட்டடங்களும், குளியல் கூடமாக இருக்கக்கூடிய கட்டடமும் எல்லைப் பள்ளங்களுக்குள் அமைந்திருந்ததைக் காட்டியது, தோண்டாமல் எடுத்த நில இயற்பியல் வரைபடம். அந்த வரைபடம் இல்லாவிட்டால் மொசைக் ஓர் அழகிய தரை மட்டுமே, யாருடைய பண்ணையின் எந்த மூலையில் இருந்த கூடம் என்று சொல்ல முடிந்திருக்காது. தோண்டினால் தோண்டிய அடுக்கு அழிகிறது. எங்கள் குழுவிடம் ஒரு மொசைக்கைத் திறந்து, பதப்படுத்தி, காப்பதற்கான பணமும் இல்லை, திறமையும் இல்லை. இரண்டும் உள்ளவர்கள் என்றாவது வருவார்கள் என்றால், அவர்களுக்குக் கலையாத மண்ணையும் சரியான வரைபடத்தையும் விட்டுவைப்பதே நாங்கள் செய்யக்கூடியது.

அறிக்கையை எழுதுவதற்கு அளந்ததைவிடக் கூடுதல் நாட்கள் ஆயின. மூலத் தரவு, திருத்திய தரவு, என்னென்ன திருத்தம் எந்த வரிசையில் செய்தோம் என்ற குறிப்பு, கட்ட மூலைகளின் ஆயங்கள், அளந்த நாட்களின் வானிலை, பயனில்லாமல் போன ஜூலை மாதப் படம் ஆகிய அனைத்தையும் சேர்த்து வட்டாரப் பதிவேட்டில் ஒப்படைத்தோம். ஜூலைப் படத்தை எதற்குச் சேர்க்கிறீர்கள் என்று குழுவில் ஒருவர் கேட்டார். அதே வயலுக்கு வறண்ட கோடையில் கருவியோடு வர நினைக்கும் அடுத்தவருக்கு அந்தப் படம் இரண்டு நாட்களை மிச்சப்படுத்தும்.

விவசாயிக்கென்று ஒரு பெரிய தாளில் வரைபடத்தை அச்சிட்டு, சமையலறை மேசையில் விரித்துக் காட்டினோம். அவர் முதலில் தேடியது தன் டிராக்டர் எப்போதும் திரும்பும் முனையை. அது மேற்குச் சிறகின் கடைசி அறைக்கு நேர் மேலே இருந்தது. ஒவ்வொரு ஆண்டும் கலப்பை அங்கேதான் ஆழமாக இறங்குகிறது, டப்பாவில் இருந்த கட்டிகளில் பெரும்பாலானவை அந்த முனையில்தான் கிடைத்தன என்று அவரே சொன்னார். அந்த இலையுதிர் காலத்தில் வயலின் தென்பாதியை உழவிலிருந்து விலக்கிப் புல் விதைத்தார். இப்போது அங்கே ஆடுகள் மேய்கின்றன. வடக்கு வேலியை ஒட்டிய பட்டையை மட்டும் நாங்கள் இன்னும் அளக்கவில்லை. அங்கே பழைய இரும்புக் குழாய் ஒன்று போவதால் காந்தமானி பயன்படாது, மின்தடைச் சட்டத்தோடுதான் போக வேண்டும். வரும் அக்டோபரில் மழை அளவைப் பார்த்து நாள் குறிப்போம்.